'கேஸ் மாத்திரை'யை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்டால், கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி. நாலைந்தைக் கத்தரித்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 'கேஸ் மாத்திரை, ரெண்டையும் சாப்டுட்டுப் போட்டுக்கோங்க' என்பார்கள். வலி மாத்திரைக்கு அது சரி. பான்டோபிரசோலுக்கு அது தப்பு.

அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் இரைப்பைச் சுவரின் செல்களில் இருக்கின்றன. உணவு வரும்போதுதான் அவை முழுமூச்சில் இயங்கும். இயங்கும் பம்பைத்தான் இந்த மருந்து பிடிக்கும். மாத்திரை குடலுக்குப் போய்க் கரைந்து ரத்தம் வழியாக அங்கே சேர நேரமாகும் என்பதால், சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போட வேண்டும். ஒருமுறை பிடிபட்ட பம்பு மறுபடி வேலை செய்யாது. உடம்பு புதிதாகத்தான் செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும் என்பது இதனால்தான். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாள் ஆகும். எரிச்சல் உடனே நிற்கவில்லையே என்று இன்னொன்றைப் போடுவதில் பயனில்லை; அந்த நேரத்து ஆறுதலுக்கு, சுரந்த அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் சிரப் இருக்கிறது.

'காலையில் வெறும் வயிற்றில்' என்று சீட்டில் எழுதுவது காசிமேட்டில் விடியுமுன் வேலைக்குப் போகிறவருக்கும் மணலியில் நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கும் பொருந்தாது. அவர்களுக்கு, எழுந்தபின் சாப்பிடும் முதல் முழுச் சாப்பாட்டை வைத்துத்தான் நேரம் சொல்ல வேண்டும்.

மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்கு வீட்டில் ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்) வழியாக உணவு கொடுப்பவர்கள் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக நுணுக்கிக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். இந்த மாத்திரையின் மேல்பூச்சே அமிலத்திடமிருந்து மருந்தைக் காப்பதற்குத்தான். பூச்சு உடைந்தால் மருந்து இரைப்பையிலேயே சிதைந்துவிடும். இதே வகை மருந்தான ஓமெப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் குருணைகளுக்கும் இதே பூச்சு உண்டு. அவற்றையும் நுணுக்கக் கூடாது, மெல்லிய குழாயில் அவை அடைத்துக்கொள்ளவும் செய்யும். டியூப் இருப்பதை டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ற வடிவத்தில் எழுதித் தருவார்.

ஆன்டாசிட் சிரப்பைக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அதிலுள்ள அலுமினியம் மலச்சிக்கலையும் மெக்னீசியம் பேதியையும் கொடுக்கும். இரும்புச்சத்து மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இவற்றோடு சேர்த்துக் குடித்தால் அவை உடம்பில் சரியாகச் சேராது. குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும்; ஆன்டாசிட் குடித்தபின் சிப்ரோஃப்ளாக்சசின் போடுவதென்றால் 6 மணி நேரம். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆன்டாசிட்டைத் தொடவே கூடாது. புண்ணின் மேல் படலமாக ஒட்டும் சுக்ரால்ஃபேட்டும் வெறும் வயிற்றுக்கானது. அதற்கு அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஆன்டாசிட் வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் பழைய மருந்தான ரானிடிடின் 2022இல் நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. பழைய அட்டை வீட்டில் இருந்தால் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

செவிலியர்களான எங்கள் பெரிய கவலை, பான்டோபிரசோல் போன்றவற்றை நிறுத்தாமல் போடுவதுதான். சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்தால் மெக்னீசியமும் பி12-உம் குறையலாம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு இது இரட்டை அடி. கால் மரத்துப்போனால் சர்க்கரைமேல் மட்டும் பழியைப் போடாமல் பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் சாப்பிடும் இதய நோயாளிகள் பலருக்கு ரத்தக்கசிவைத் தடுக்க இந்த மாத்திரை தேவை. ஆனால் ஓமெப்ரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும்; அவர்களுக்குப் பான்டோபிரசோல் மேல். நெடுநாள் போட்டுத் திடீரென விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரிச்சல் தரும். அதை நோய் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். படிப்படியாகக் குறைப்பது நல்லது.

புண் திரும்பத் திரும்ப வந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனை வேண்டும். மூச்சுப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் இரண்டு வாரம் முன்பே, டாக்டரிடம் சொல்லிவிட்டு, இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். கிருமி இருந்து ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், சொன்ன 14 நாளும் போட்டு முடிக்க வேண்டும்.

மலம் தார் போலக் கருத்து ஒட்டினாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ அது ரத்தக்கசிவின் அறிகுறி. நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ போனால் 'கேஸ்'தான் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கம்தான், ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடலாம்.

டாக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சீட்டில் 1-0-0 (காலையில் மட்டும் ஒன்று) என்பதோடு 'சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்' என்றும், எந்தத் தேதியோடு நிறுத்துவது என்றும் எழுதுங்கள். கத்தரித்துக் கொடுக்கும் அட்டையில் பெரும்பாலும் மருந்தின் பெயர்கூட முழுதாக இருப்பதில்லை. கவரின் மேலாவது பேனாவால் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
செவிலியர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை