எரிமலையைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பயணப் பக்கத்தில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் எங்கள் ரீயூனியன் தீவுக்கு ஐந்து நாள் பயணத் திட்டம் போட்டிருந்தீர்கள். இந்த ஊரைப் பற்றித் தமிழில் படிப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம், அதற்கு நன்றி. ஆனால் எரிமலையை ஐந்தாம் நாளில் வைத்து, காலைப் பலகாரம் முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

நான் காரைக்கால்காரி, கல்யாணமாகி இந்தத் தீவின் சேன் ஆந்த்ரே ஊருக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. இங்கே தீபாவளிக்குத் தெருவெல்லாம் விளக்கும் ஊர்வலமுமாக இருக்கும் என்பதால் ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஐப்பசியில்தான் வருவார்கள். அங்கே அடைமழை, இங்கே வசந்தம். மழை குறைந்த மாதங்கள்தான், இருந்தாலும் மலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று ஈரத்தைச் சுமந்து வரும், வெயில் ஏற ஏற அது மேகமாகிச் சரிவைப் பிடித்து மேலே போகும். பத்து மணிக்கெல்லாம் உச்சி மூடிக்கொள்ளும் நாள்தான் அதிகம். சில நாள் ஏழு மணிக்கே மூடும், சில நாள் மாலைவரை திறந்தே கிடக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மாமா வந்தபோது நாங்களும் உங்கள் திட்டத்தைப் போலத்தான் செய்தோம். கோயில், கடற்கரை, கடைத்தெரு எல்லாம் முடித்து, விமானம் ஏறுவதற்கு முதல் நாள் எட்டரைக்குக் கிளம்பினோம். கார் போகும் கடைசி இடமான பா த பெல்கோம்ப், 2,311 மீட்டர் உயரம், அங்கே இறங்கினால் கைப்பிடிக் கம்பியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மாமா முக்கால் மணி நேரம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் அத்தை வந்தார். வந்த இரண்டாம் நாளிலிருந்தே தினமும் இரவு வானிலையைப் பார்த்தோம், எரிமலை ஆய்வகம் வைத்திருக்கும் கேமராப் படங்களையும் பார்த்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை மூன்றரைக்கு, புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். வழியில் ப்ளேன் தே பால்மிஸ்த் என்ற மலையூர் வந்ததும் ஒரே பனி, தூறல், அத்தை "திரும்பிடலாம்மா" என்றார். பலரும் தப்புச் செய்கிற இடம் இதுதான்! இன்னும் கொஞ்சம் ஏறினால் பல நாள் மேகம் காலுக்குக் கீழே போய்விடும். அன்றும் அப்படித்தான், அதற்கும் மேலே இருக்கும் பூர் முரா என்ற ஊரைத் தாண்டியதும் நட்சத்திரம் தெரிந்தது. விடிந்தபோது ப்ளேன் தே சாப்ல் என்ற சமவெளி முழுவதும் செங்கருப்பு மணலாக, ஒரு செடிகூடச் சரியாக இல்லாமல் விரிந்து கிடந்தது, அத்தை பேசவே இல்லை.

கடற்கரையைவிட மேலே பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும், காற்றும் சேர்ந்தால் நம் ஊர்க்காரர்களுக்குத் தாங்காது. ஸ்வெட்டர், மங்கி குல்லா, ரெயின்கோட், நல்ல ஷூ எல்லாம் வேண்டும். செருப்போடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் தண்ணீர், வெயிலுக்குத் தொப்பி, இரண்டும் மறக்கக் கூடாது.

பா த பெல்கோம்பிலிருந்து 500-க்கு மேல் படி இறங்கினால் எரிமலைக் குழம்பு உறைந்த தரை. ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் செம்மேடுவரை போய் வருவது வயதானவர்களுக்கும் முடியும், ஏறும்போது மட்டும் நிதானம் வேண்டும். உச்சிப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய் வர ஐந்து மணி நேரமாவது ஆகும். 2007 ஏப்ரலில் அந்தப் பள்ளத்தின் தரை ஏறக்குறைய 300 மீட்டர் உள்வாங்கியது, அதைப் பார்க்கத்தான் இளைஞர்கள் போகிறார்கள். வழி முழுவதும் பாறையில் வெள்ளைப் பெயின்ட் அடையாளம் இருக்கும். மேகம் சூழ்ந்து அடுத்த அடையாளம் தெரியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள், குத்துமதிப்பாக நடக்காதீர்கள். எரிமலை பொங்கும் அறிகுறி இருந்தால் கீழே இறங்கும் கதவையே நிர்வாகம் பூட்டிவிடும், கிளம்புமுன் அதையும் விசாரிக்க வேண்டும்.

எதுவும் தெரியாத நாளாக அமைந்தாலும் சும்மா திரும்ப வேண்டாம். பூர் முராவில் எரிமலை அருங்காட்சியகம் இருக்கிறது. இல்லையென்றால் வேறொரு நாள் கடலோரச் சாலையில் சேன்ட் ரோஸ் பக்கம் போனால், 1977-ல் எரிமலைக் குழம்பு வாசல்வரை வந்து சுற்றிக்கொண்டு நின்றுபோன மாதா கோயிலைப் பார்க்கலாம்.

அடுத்த முறை இந்தத் திட்டத்தைப் போடும்போது எரிமலையை முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ வைத்து, கிளம்பும் நேரத்தை விடியற்காலை நான்கு என்று திருத்திப் போடுங்கள். அன்று மூடியிருந்தால் மறுநாள் போகலாம், கடற்கரை எங்கும் ஓடிப்போகாது. மாமா இந்தத் தையில் மறுபடி வருகிறேன் என்றார், தை இங்கே புயல் மாதம், ஐப்பசிக்கே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேன் ஆந்த்ரே, ரீயூனியன்