இரண்டு திட்டங்களுக்கு நடுவில் நிற்கும் எங்கள் ஊர் மோட்டார்: மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

ஆட்சியர் பொறுப்போடு மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தின் இயக்குநர் பொறுப்பும் உங்களிடம்தான் இருக்கிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இயக்கம், அதற்குத் தலைமை நீங்கள், காலநிலை அலுவலராக மாவட்ட வன அலுவலர். இந்த மடல் உங்களுடைய அந்த இரண்டாவது நாற்காலிக்கு, எங்கள் ஊர்க் குடிதண்ணீர் மோட்டாரைச் சோலாரில் ஓட்ட வழி கேட்டு.

நான் பேராவூரணிப் பக்கம் ஓர் ஊராட்சியில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா அடித்துவிட்டுப் போனதில் தென்னை போனது, கூரை போனது, அது ஊரறிந்த கதை. அதற்கு மறுநாளிலிருந்து எங்களை வாட்டியது தண்ணீர். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன, போர் மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டி காலி. டீசல் ஜெனரேட்டர் ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். எங்கள் தொட்டிக்கு ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள், அப்புறம் அது பக்கத்து ஊருக்குப் போய்விடும். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணித்தான் வாடகையும் டீசலும் கொடுத்தோம். அந்த வசூல் நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஈரம் பட்டு மை பரவிய பக்கங்களில் சில பெயர்களுக்கு நேரே தொகை எழுதாமல் ஒரு கோடு மட்டும் போட்டிருப்பேன். கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை, அவர்கள் தெருவுக்கும் சேர்த்துத்தான் தண்ணீர் ஏறியது. புயல் போன பிறகு வந்த நாள்களில் நல்ல வெயில். தலைக்கு மேலே அத்தனை வெயிலை வைத்துக்கொண்டு டீசலுக்கு அலைந்தோம்.

அதனால் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 7.5 குதிரைத்திறன் மோட்டாரைக் கரண்ட் இல்லாத நாளிலும் வெயிலில் ஓட்ட வேண்டும். கணக்கும் போட்டுப் பார்த்தோம். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஐந்தரை யூனிட்டுக்கு மேல் ஆகிறது, நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 33 யூனிட் சொச்சம். நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் சோலார் தகடு சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், ஆக 10 கிலோவாட் போட்டால் போதும். புயல் இல்லாத காலத்தில் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து இ.பி. பில்லுக்குப் போகிற பணமும் குறையும்.

இதற்கு மானியம் எங்கே என்று தேடத் தொடங்கினோம். பணம் இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 வரை மானியம். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. ஆனால் இவை எல்லாம் குடியிருப்புகளுக்கு. ஊராட்சித் தொட்டி எந்த வீட்டோடும் சேராது, நாங்கள் பதிவு செய்த குடியிருப்போர் சங்கமும் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் போடுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார். பேட்டரி இல்லாவிட்டால், கம்பியில் கரண்ட் போனவுடன் அதுவும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஊழியர் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, சரியான ஏற்பாடுதான். ஆனால் கஜா மாதிரி ஒரு வாரத்தில் எங்களுக்கு அதனால் ஒரு குடம் தண்ணீர்கூட ஏறாது.

சரி, கம்பியை நம்பாமல் தனியாக ஓடும் சோலார் பம்பு? அதுவும் இருக்கிறது. விவசாயிகளுக்காக மத்திய அரசு 2019-இல் தொடங்கிய குசும் என்ற சோலார் திட்டத்தில் வேளாண் பொறியியல் துறை விவசாயிக்கு 60 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிக்கு 70 சதவீதமும் மானியம் கொடுத்து வந்திருக்கிறது. எங்களுக்கு வேண்டிய பம்பு அச்சு அசலாக அதேதான், ஆனால் அது பாசனத்துக்கு. குடிதண்ணீர் மோட்டார் என்றதும் தலையை ஆட்டிவிடுகிறார்கள். அதே திட்டத்தின் இன்னொரு பிரிவில் ஊராட்சியும் விண்ணப்பிக்கலாம் என்று பார்த்ததும் சந்தோஷப்பட்டோம். படித்துப் பார்த்தால் அது 500 கிலோவாட்டில் தொடங்கி 2 மெகாவாட் வரையிலான மின் நிலையம். எங்களுக்கு வேண்டியது 10.

ஆக ஒரு திட்டம் வீட்டுக்கு, ஒரு திட்டம் வயலுக்கு. ஊருக்குப் பொதுவான ஒரு மோட்டார் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். ஒரு துறைக்கு அனுப்பியிருப்பதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. கொஞ்ச நாளில் ‘இக்கோரிக்கை இத்துறையின் வரம்பில் வராது’ என்று ஒரு வரிப் பதில். வேறு ஒரு துறைக்கு எழுதினோம், அங்கிருந்து முதல் துறையையே அணுகச் சொன்னார்கள். பதில் எழுதிய எவர் மேலும் எனக்குக் கோபமில்லை, அவரவர் நெறிமுறைப்படிச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்தத் துறையில் வரும் என்று சொல்ல வேண்டிய வேலைதான் யாரிடமும் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது மனசு ஆறாத விஷயம். சூரிய வீடு திட்டத்துக்குள்ளேயே மாதிரி சூரிய கிராமம் என்று ஒரு பகுதி உண்டு, 2024 ஆகஸ்டில் நெறிமுறை வந்தது. மாவட்டத்துக்கு ஒரு கிராமம், பரிசு 1 கோடி ரூபாய் மானியம். 5,000 பேருக்கு மேல் இருக்கிற வருவாய்க் கிராமங்கள் போட்டியிடலாம், ஆறு மாதத்தில் எந்த ஊர் அதிகமாகப் புதுப்பிக்கத்தக்க மின் திறனை நிறுவுகிறதோ அந்த ஊருக்கு. ஊரே சேர்ந்து முனைந்து செய்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பணம் கிடையாது. எங்கள் கிராமத்தின் பெயர் போட்டிப் பட்டியலில் இருந்தது என்பதே ஆறில் நான்கு மாதம் ஓடிய பிறகுதான், அதுவும் வேறு வேலையாகப் போன இடத்தில் பேச்சுவாக்கில் தெரிந்தது. எங்கள் கூட்டமைப்பில் உள்ள குழுக்களுக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வீடு வீடாகப் போயிருப்போம். வீட்டுக் கூரையில் சோலார் ஏறினால் வீட்டுக்கு 1,000 ரூபாய் என்று உள்ளாட்சிக்கும் ஊக்கத்தொகை உண்டு, அதுவும் எங்கள் கிராம சபையில் ஒரு தடவைகூடப் பேசப்பட்டதில்லை.

ஓர் ஊராட்சியால் இதெல்லாம் ஆகுமா என்று நினைக்கிறவர்கள் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையைப் பார்க்கட்டும். 2006-இல் அந்த ஊராட்சி சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. விலை 1.55 கோடி. ஊராட்சி சேர்த்து வைத்திருந்தது 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்று நன்றாக அடிக்கிற உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலையை நிறுத்தி, தங்கள் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று தெரிந்த தலைவர் ஒருவர் அங்கே பத்து வருடம் இருந்தார். எல்லா ஊருக்கும் அப்படி ஒருவர் வாய்க்க மாட்டார். பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமே முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அலைவதற்கு ஊருக்கு என்று ஓர் ஆள் இல்லாத காலத்தில் நீங்கள்தான் எங்களைத் தேடி வர வேண்டும்.

கேட்பது பெரிய செலவு இல்லை. வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நாள் முன்னால் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள், தமிழில், பெரிய எழுத்தில்: இந்த மாவட்டத்தில் இப்போது பணம் இருக்கிற திட்டங்கள், எவ்வளவு, யார் கேட்கலாம், எந்த அலுவலகம், கடைசித் தேதி. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும் என்பது எத்தனை ஊருக்குத் தெரியும்? வசூல் பண்ணத் தெரிந்த ஊர் எங்களுடையது, எங்களுக்கு அந்தத் தாளே பாதி வேலை.

மறுபாதிக்கு ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் ஆள் வேண்டும். ஊருக்குத் தேவை இது என்று நாங்கள் சொன்னால், எந்தத் திட்டத்தில் பொருந்தும், இரண்டைச் சேர்த்தால் பொருந்துமா என்று பார்த்துச் சொல்ல. பல துறைகளை ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்டத்தில் உங்களால் மட்டும்தான் முடியும். திட்ட அறிக்கை எழுதுவது எங்களால் ஆகாத காரியம், பக்கத்து பாலிடெக்னிக் பிள்ளைகளை அனுப்பினால் ஒரு நாளில் அளந்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முடியாது என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள், அடுத்த தடவை திருத்திக் கேட்போம்.

அப்புறம் பராமரிப்பு. எங்கள் மாரியம்மன் கோயில் முக்கில் ஒரு சோலார் விளக்குக் கம்பம் நிற்கிறது. மேலே தகடு பளபளப்பாகத்தான் இருக்கிறது, கீழே பேட்டரிப் பெட்டியின் கதவு தொங்குகிறது, உள்ளே குளவிக் கூடு. போட்டவர்கள் யார், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று அதில் எழுதவில்லை. மானியம் தரும்போதே ஐந்து வருடப் பராமரிப்பையும் அதற்குப் பொறுப்பான ஆளின் எண்ணையும் சேர்த்துத் தாருங்கள். தகட்டைத் துடைக்கவும் மீட்டர் அளவை நோட்டில் எழுதவும் எங்கள் குழுவில் ஆள் இருக்கிறது.

அடுத்து வருகிற ஆகஸ்டு 15 கிராம சபைக்கு எங்கள் தீர்மானம் தயாராக இருக்கிறது, மோட்டாரின் குதிரைத்திறனும் தொட்டியின் கொள்ளளவும் கடந்த வருட இ.பி. பில்லும் இணைத்து. எந்தத் துறையின் பெயரை மேலே எழுதுவது என்ற ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஜூலை கடைசிக்குள் அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஊராட்சி மகளிர் கூட்டமைப்பின் கணக்காளர் ஒருவர்