நிறுவனர் இல்லம்: அலமாரியைத் திறக்குமுன்

அனைவருக்கும் வணக்கம். நிறுவனர் இல்லத்தில் உள்ள பழைய கடிதங்களையும் புகைப்படங்களையும் பத்திரப்படுத்திக் காட்சிக்கு வைப்பதற்கான குறிப்புகள் இவை. இல்லத்து அலமாரிகளைக் காலி செய்யுமுன் ஒவ்வொரு தட்டையும் இருந்தபடியே படமெடுங்கள். எந்தக் கடிதம் எதோடு இருந்தது என்பதும் ஆவணம்தான். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். காகிதத்துக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, மெதுவாகக் கழற்றுங்கள். எண்ணிடப் பென்சில் மட்டும். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம்.

கடிதங்கள், புகைப்படங்களைக் காட்சிக்கு வைக்கும் அறையில் வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

சுண்ணாம்புச் சுவர் உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசலாம் என்று கொத்தனார் சொல்வார்; சம்மதிக்க வேண்டாம். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் பெயர்த்துவிடும்.