வேலூரில் இளைஞர்களுக்கான பொது இசையறை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் பகுதி மக்கள் காதுகுத்து, நிச்சயதார்த்தம் போன்ற விசேஷங்களுக்குப் பயன்படுத்திவரும் சமுதாயக் கூடத்தின் பின்கட்டில், பழைய நாற்காலிகளும் பந்தல் கழிகளும் அடைந்து பூட்டியே கிடக்கும் அறை ஒன்று உள்ளது. அதனைச் செப்பனிட்டு, தாளத்தோடு பேச்சுபோல் வரிகளை அடுக்கிப் பாடும் ஹிப் ஹாப் இசை பயில விரும்பும் இளைஞர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொது இசையறையாக மாற்றுவதென எங்கள் குழு முடிவு செய்துள்ளது. அந்த அறைக்கு, இந்த இசைக்கு வித்திட்ட டிஜே (இசைத்தட்டு ஓட்டும் கலைஞர்) கூல் ஹெர்க்கின் பெயரையும் அவருடைய தங்கை சிண்டி கேம்பலின் பெயரையும் சூட்ட இருக்கிறோம். அமெரிக்காவில் வளர்ந்த அண்ணன் தங்கையின் பெயர் நம் ஊர் அறைக்கு எதற்கு என்று வசூலுக்குச் சென்ற வீடுகளில் பெரியவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விரிவாக விடை சொல்லிவிட்டே பணம் கேட்க விரும்புகிறோம்.

கூல் ஹெர்க்கின் இயற்பெயர் கிளைவ் கேம்பல். 1955இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்து, 1967இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தவர். பிராங்க்ஸின் நடுவே விரைவுச் சாலை போடுவதற்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வேலையும் வருமானமும் அற்றுப்போய், அடுத்தடுத்துத் தீப்பிடித்து எரிந்த கட்டடங்களுக்கிடையே பிள்ளைகள் வளர்ந்த காலம் அது. 1973 ஆகஸ்ட் 11 அன்று இரவு, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் அவர் இசைத்தட்டு ஓட்டிய நடன விருந்தையே ஹிப் ஹாப்பின் பிறப்பாக உலகம் கொண்டாடுகிறது. அப்போது அவருக்கு வயது 18.

அந்த விருந்தை நடத்த நினைத்தவர் சிண்டி. விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி எடுக்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. குடியிருப்பின் பொது அறையை வாடகைக்குப் பிடித்து, சிறு அட்டைகளில் கையால் அழைப்பு எழுதி, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணமும் வைத்தார். பாட்டுப் போட அண்ணன் இருந்தார். ஓர் இசைக்குழுவுக்கு ஒலி அமைத்துக் கொடுத்துவந்த தந்தையின் மைக் செட்டும் வீட்டிலேயே இருந்தது. ஒரு பொது அறை, இரவல் வாங்கிய ஒலிக்கருவி, கணக்குப் பார்த்து ஏற்பாடு செய்யத் தெரிந்த ஒரு தங்கை ஆகிய மூன்றும் அந்தக் கலைக்கு முதலீடாக அமைந்தன. எங்கள் பெயர்ப்பலகையில் சிண்டியின் பெயரும் இருக்க வேண்டும் என்று குழுவினர் ஒருமனதாக முடிவெடுத்ததற்குக் காரணம் இதுவே.

ஹெர்க் செய்த புதுமையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இசைத்தட்டு ஓடும்போது, ஆடுவோர் பாட்டு முழுவதையும் ஒரே மாதிரி விரும்புவதில்லை என்பதை அவர் கவனித்தார். பாடுபவரும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில நொடிகள் வரும். அதற்குப் பெயர் பிரேக். அந்த நொடிகளுக்காகவே கூட்டம் காத்திருந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பம்பைக்காரர் கை வேகமெடுக்கும் கணத்துக்காகக் காத்து நின்றவர்களுக்கு இந்தக் காத்திருப்பை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயர்களில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியும் தறுவாயில் மற்றொன்றின் முள்ளை அதே பகுதியின் தொடக்கத்தில் இறக்கி, இப்படி மாற்றி மாற்றி வைத்து, சில நொடித் தாளத்தை அவர் பல நிமிடங்களுக்கு நீட்டினார். அதற்கு மெர்ரி கோ ரவுண்ட் என்று பெயரிட்டார். தாளம் நீண்டபோது, அவருடைய நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருந்தவர்களின் பெயர்களை அழைத்து, எதுகையோடு வரிகளை அடுக்கினார். ராப் அங்கிருந்து வளர்ந்தது. அந்தத் தாளத்துக்கு ஆடியவர்களுக்கு ஹெர்க் வைத்த பெயர் பி-பாய். அவர்களுடைய ஆட்டமே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் என்ற போட்டியாக இடம்பெற்றது.

இத்தனைக்கும் காரணமானவருக்குப் பணம் சேரவில்லை. அவர் அந்நாளில் தம் பெயரில் இசைத்தட்டு எதையும் வெளியிடவில்லை. 1977இல் ஒரு நிகழ்ச்சியில் சண்டையை விலக்கப் போனபோது கத்திக்குத்துக்கு ஆளாகி ஒதுங்கினார். 1979இல் வேறொரு குழுவின் ராப் பாடல் நாடெங்கும் விற்றுத் தீர்ந்தபோது அவர் பெயரை வெளியே பலரும் அறியவில்லை. 2011இல் சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்ட அவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லாததால், இசையன்பர்கள் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. இசைக் கலைஞர்களைச் சிறப்பிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்கு உரிய இடத்தை அளித்தது 2023இல்தான். அந்த விருந்து நடந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்னொருவர் கதையும் எங்கள் திட்டத்தோடு தொடர்புடையது. அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்த டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடித் தாளம், பின்னாளில் நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாடல்களுக்கு அடித்தளமானது. பாடலாசிரியராக அவர் பெயர் பதிவாகவில்லை என்பதால், 2017இல் மறையும் வரை அதற்குரிய உரிமைத்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. நம் வடஆற்காட்டுப் பறைக் கலைஞருக்கும், பம்பைக்காரருக்கும், விடிய விடியத் தெருக்கூத்தில் முகவீணையும் மத்தளமும் வாசிப்பவருக்கும் அந்த நிலை வரக்கூடாது. எனவே இவ்வறையில் எவருடைய வாசிப்பைப் பதிவு செய்தாலும், அன்றைக்கே சன்மானம் வழங்கப்படும். அதைக் கொண்டு உருவாகும் பாடலில் அவர் பெயர் இடம்பெறும். வருமானம் வந்தால் பங்கும் உண்டு என்று எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்யப்படும். இந்த விதியைத் தளர்த்துவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம்.

தமிழில் ராப் நிலைபெற மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட தொகுப்பு வழிகோலியது. நம் பக்கத்து அரக்கோணத்தில் பிறந்த பாடகர் அறிவு, நிலமற்ற உழைப்பாளிகளின் வாழ்வையும் சாதியின் கொடுமையையும் ராப்பில் பாடி உலகெங்கும் அறியப்பட்டார். அவரைக் கேட்டு எழுதத் தொடங்கிய பிள்ளைகள் எங்கள் தெருக்களில் பலர் இருக்கிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனியில் பகல் வேலை பார்ப்பவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், வீட்டில் தாய் பீடி சுற்றும் முறத்தின் விளிம்பில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே வரிகளைச் சரிபார்க்கும் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி என எல்லோரும் கைப்பேசி ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு மொட்டை மாடியிலும், நீரில்லாத நாட்களில் பாலாற்று மணலிலும் பயிற்சி செய்கிறார்கள். மாடியில் பாடினால் அண்டை வீட்டார் சத்தம் போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆற்று மணலுக்கு மாலையில் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்குவதும் இயல்பே. ஒலி வெளியே போகாத, விளக்கு எரியும், பெரியவர் ஒருவர் உடனிருக்கும் அறை இருந்தால் இவ்விரு சிக்கலும் தீரும். சனிக்கிழமை மாலைகளைப் பெண்களுக்கென்றே ஒதுக்கியுள்ளோம். இந்தப் பாட்டில் கெட்ட வார்த்தைதானே வரும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். கோபத்தைப் பாடத் தடையில்லை. சாதியைச் சொல்லியோ பெண்களை இழித்தோ எழுதிய வரிகளுக்கு இங்கே மைக் கிடையாது.

செலவு விவரம் பின்வருமாறு. சுவர்களிலும் கதவிலும் தென்னை நார்ப் பலகை பதித்து ஒலியை அடக்கவும், கூரை ஒழுகலை அடைக்கவும், புதிதாக ஒயரிங் செய்யவும் 1,40,000 ரூபாய் ஆகும். மிக்ஸர், ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர், மைக்குகள், ஹெட்போன், டிஜே கன்ட்ரோலர், பழைய லேப்டாப் ஒன்று ஆகியவற்றுக்கு 1,90,000 ரூபாய். முதலாண்டில் பறை, பம்பை, கூத்துக் கலைஞர்களை அழைத்துப் பதிவு செய்யச் சன்மானமாக 50,000 ரூபாய். மொத்தம் 3,80,000 ரூபாயில், குழு உறுப்பினர்களும் தெருவாசிகளும் தந்தது 1,10,000 ரூபாய் கையில் உள்ளது. மீதி 2,70,000 ரூபாய்க்கே உங்களை நாடுகிறோம். நூறு ரூபாய் தந்தாலும் வசூல் நோட்டில் பெயர் ஏறும்.

பணமாகத் தர இயலாதவர்கள் வேறு வகையில் உதவலாம். ஆடி, வைகாசித் திருவிழாக்கள் முடிந்ததும் மைக் செட் கடைகளின் பின்னறையில் தூங்கும் ஸ்பீக்கர் பாக்ஸ்களை உரிமையாளர்கள் சில மாதங்களுக்கு இரவல் தந்தால், கருவிச் செலவில் பெரும் பகுதி குறையும். ஓடாத ஆம்ப்ளிபயரையும் பெற்றுக்கொள்கிறோம்; பழுது பார்க்கத் தெரிந்தவர் எங்களிடம் இருக்கிறார், அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் அவர் இசைந்துள்ளார். தச்சர், எலக்ட்ரீஷியன், கொத்தனார் எவராயினும் ஒரு நாள் உழைப்பைத் தந்தால் அதற்குரிய கூலியை நன்கொடையாகவே கணக்கில் எழுதுவோம்.

எங்கள் குழுவுக்கு வருமான வரிச் சலுகைச் சான்று இல்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம். நன்கொடையைச் சமுதாயக் கூடத்தில் நாள்தோறும் மாலை 6 மணி முதல் 8 மணி வரை பொருளாளரிடம் நேரில் தந்து, எண்ணிட்ட ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம். வரவும் செலவும் பில்களின் நகல்களோடு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கருவிகள் வாங்கும்போது கூடவே வந்து விலை பேச விரும்பும் நன்கொடையாளர்கள் பொருளாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
பொது இசையறை அமைப்புக் குழுவினர்,
சத்துவாச்சாரி, வேலூர்.