டெலிட் பண்ணா மட்டும் போதாதுங்க, குப்பைத்தொட்டியையும் கொட்டணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு மூலையில 'போன்ல மெமரி பத்தலையா, பழைய ஈமெயிலை எல்லாம் டெலிட் பண்ணுங்க'ன்னு நாலு வரி துணுக்கு வந்திருந்துச்சு. நல்ல எண்ணத்துலதான் போட்டிருக்கீங்க. ஆனா அது பாதி வெந்த சோறுங்க. அந்த நாலு வரிய நம்பி நான் மூணு நாள் பட்ட பாட்டை எழுதாம விட்டா, என்னைய மாதிரி இன்னும் எத்தனை பேரு கட்டைவிரல் தேய உக்காந்திருப்பாங்களோன்னுதான் இந்த லெட்டர்.

நான் திருச்சியில ஆர்.எம்.எஸ்ல, அதாவது ரயில்வே தபால் சர்வீஸ்ல, சார்ட்டிங் பாத்து ரிட்டையர் ஆனவன். ராத்திரி ரயில்ல மெயில் வேன்ல நின்னுகிட்டே ஊர் ஊரா கடுதாசி பிரிச்சுப் போட்ட ஆளு. 'ஆள் இல்லை', 'வீடு மாறிட்டார்', 'வாங்க மறுத்துட்டார்'னு எழுதி திரும்பி வர்ற கவரை எத்தனை பாத்திருப்பேன்னு கணக்கே கிடையாது. ஆனா 'பெட்டியில இடம் இல்லை'ன்னு ஒரு லெட்டர் திரும்புறதை சர்வீஸ்ல ஒரு நாளும் பாத்ததில்ல, அது எனக்கே நடந்துச்சு.

வீட்டம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இன்சூரன்ஸ் கிளெய்முக்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் பில்லும் மெயில்ல அனுப்புறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. ரெண்டு நாளா வரல. திங்கக்கிழமை போன் போட்டு கொஞ்சம் சூடாவே கேட்டேன், அந்தப் பொண்ணு பொறுமையா "சார், நாங்க ரெண்டு தடவை அனுப்பிட்டோம், உங்க மெயில் ஃபுல்லுன்னு திரும்பி வந்துடுச்சு"ன்னுச்சு. வெக்கமா போச்சு. ஜிமெயிலைத் திறந்து பாத்தா மேலயே எழுதிருக்கு, இடம் தீந்துபோச்சு, இனிமே மெயில் வராது போகாதுன்னு. அது எத்தனை நாளா அங்க இருந்துச்சோ, நான் ஒரு நாளும் படிக்கல. அப்பதான் முந்தின நாள் பாத்த உங்க துணுக்கு ஞாபகம் வந்துச்சு, சரி டெலிட் பண்ணிடுவோம்னு உக்காந்தேன்.

முதல் நாள் கதைய கேளுங்க. சேலை தள்ளுபடி, லோன் வேணுமா, செருப்பு ஆஃபர், பஸ் டிக்கெட் கூப்பன், இப்படி ஒவ்வொரு மெயிலையும் விரலால ஒரு பக்கமா தள்ளுனேன், தள்ளத் தள்ள கண்ணு முன்னால இருந்து மறையுது, ஆஹா இவ்வளவு ஈஸியான்னு சந்தோஷமா ஊஞ்சல்ல உக்காந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தள்ளித் தள்ளி ஆயிரத்துக்கு மேல முடிச்சிருப்பேன். காலையில பாத்தா ஒரு பொட்டு இடம் கூட காலியாகல. ஏன்னா அப்படித் தள்ளுனா அது டெலிட் ஆகாதாம், ஆர்க்கைவ் ஆகுமாம். இன்பாக்ஸ்ல இருந்து எடுத்து 'ஆல் மெயில்'னு ஒரு கட்டுல போட்டு வச்சிடும், அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போன்ல ஜிமெயில் ஆப் வாங்கும்போதே இப்படித்தான் செட் ஆகியிருக்கு. செட்டிங்ஸ்ல ஜெனரல் செட்டிங்ஸ் உள்ள போய் ஸ்வைப் ஆக்‌ஷன்னு இருக்கறதை டெலிட்டுன்னு மாத்துனாத்தான் தள்ளுனா டெலிட் ஆகும். இதை யாரு நமக்கு சொன்னா?

இதுக்கு ஒரு பழைய கதையும் இருக்குங்க. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தப்போ ஒரு ஜிபி, அதாவது ஆயிரம் எம்பி இடம் ஃப்ரீன்னு கூகுள்காரங்க சொன்னாங்க, அப்ப ஹாட்மெயில்ல 2 எம்பி, யாஹூவுல 4 எம்பிதான், அதனால நெறைய பேரு இது ஏப்ரல் ஃபூல் விளையாட்டுன்னே நெனச்சுட்டாங்க. இனிமே எதையும் அழிக்கவே வேணாம், தேடுனா கிடைக்கும்ங்கிறதுதான் அவங்க சொன்ன பெருமை. டெலிட்டையே ஆரம்பத்துல ஒரு மெனுவுக்குள்ள ஒளிச்சுதான் வச்சிருந்தாங்க. அழிக்காதே அழிக்காதேன்னு இருபது வருஷமா பழக்கிவிட்டுட்டு இப்ப இடம் தீந்துபோச்சு காசு கட்டுன்னா எப்படி. சரி, அது அவங்க வியாபாரம், விடுங்க.

ரெண்டாவது நாள் முறையா பண்ணேன். மெயிலுக்கு இடது பக்கத்துல வட்டமா ஒரு எழுத்தோ படமோ இருக்கும்ல, அதைத் தொட்டா டிக் ஆகும், அப்படி வரிசையா தொட்டுட்டு மேல இருக்கற குப்பைத்தொட்டி படத்தை அமுக்கணும். அமுக்குனேன். அன்னைக்கும் ராத்திரி வரைக்கும் அதே வேலை. மறுநாள் பாத்தா அப்பவும் இடம் காலியாகல! எனக்கு வந்த கோவத்துல போனைத் தூக்கி எறியலாம்னு தோணுச்சு, அதுவும் மாப்பிள்ளை வாங்கிக் குடுத்த போனு.

எட்டாவது படிக்கிற பேத்திதான் வந்து பாத்துட்டு "தாத்தா, பின்னைக் காலி பண்ணீங்களா?"ன்னுச்சு. எனக்கு பின்னுன்னா பின்கோடுதான். 1972 ஆகஸ்ட் 15ல வந்த அந்த ஆறு நம்பர்தான் சர்வீஸ் பூரா எனக்கு சோறு போட்டுச்சு, ஸ்ரீரங்கம்னா 620006, அதை எங்க காலி பண்றதுன்னு முழிச்சேன். அது வேற பின்னாம், குப்பைத்தொட்டி. சில போன்ல ட்ராஷ்னு இருக்கும், சிலதுல பின்னுன்னு இருக்கும். இடது பக்கம் மேல மூணு கோடு இருக்கும், அதைத் தொட்டு கீழ கொஞ்சம் இறங்குனா ஸ்பாம் எல்லாம் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு. உள்ள போனா நான் டெலிட் பண்ணது அத்தனையும் வாசல்ல விட்ட செருப்பு மாதிரி அப்படியே கெடக்கு. மேலயே 'எம்ப்டி பின் நவ்'னு ஒரு வரி, அதைத் தொட்டா நிஜமாத்தானான்னு ஒரு தடவை கேக்கும், சரின்னா மொத்தமும் போயிடும். நாம தொடாட்டியும் 30 நாள்ல அதுவாவே போயிடும், ஆனா அந்த 30 நாளும் அது நம்ம இடத்தைத்தான் அடைச்சுகிட்டு இருக்கும். வீட்டைக் கூட்டி குப்பைய முறத்துல அள்ளி அடுப்படியிலயே வச்சிருந்த மாதிரிதான் இருந்திருக்கேன் நான்.

உங்க துணுக்குல விட்டுப்போனது இந்த வரிதான். இன்னொன்னும் தப்பா இருக்கு, போன் மெமரி வேற, மெயில் இடம் வேற. மெயில் இருக்கறது நம்ம போன்ல இல்ல, எங்கயோ இருக்கற சர்வர்ல. போன்ல இருக்கறது கொஞ்சூண்டு நகல்தான். போன் மெமரி 128 ஜிபி இருந்தாலும் மெயில் அக்கவுண்ட்டுக்கு ஃப்ரீயா குடுத்தது 15 ஜிபிதான், அதுவும் மெயிலுக்கு மட்டும் இல்ல, ஃபைல் வைக்கிற கூகுள் டிரைவ், படம் வைக்கிற கூகுள் போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்து. போன் செட்டிங்ஸ்ல ஆப்ஸுக்குள்ள போய் கேச்சை, அதாவது போன்ல இருக்கற தற்காலிக நகலை, கிளியர் பண்ணா போன்ல கொஞ்சம் இடம் வரும், மெயில் பெட்டி ரொம்பினது ரொம்பினபடியே இருக்கும். எங்க தெரு செல்போன் கடைத் தம்பி எல்லாருக்கும் அதைத்தான் பண்ணிக் குடுத்து ஐம்பது ரூபா வாங்கிட்டு இருக்கான்.

எங்க விட்டேன், ஆங், காலி பண்ணேன். இவ்வளவு பண்ணியும் கெடச்சது கால் ஜிபி கூட இல்லைங்க. பேத்தி பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டுச்சு. ஒரு சேலைக்கடை மெயில் 50, 75 கேபிதானாம், ஆயிரம் கேபி சேந்தாத்தான் ஒரு எம்பியாம், மூவாயிரத்தை அழிச்சாலும் 200 எம்பியத் தாண்டுறதே கஷ்டம். ஆனா தம்பி மகன் கல்யாண போட்டோவை மச்சான் பத்து மெயிலா அனுப்பிருந்தாரு, ஒவ்வொன்னும் 20 எம்பிக்கு மேல. அந்தப் பத்து மெயிலும் நான் மூணு நாள் அழிச்ச மொத்த மெயிலும் ஒரே எடை! பார்சலை விட்டுட்டு போஸ்ட் கார்டை எண்ணிட்டு இருந்திருக்கேன், அதுவும் ஒரு ஆர்.எம்.எஸ் காரன். அந்த மாதிரி பெருசைத் தேடறதுக்கு வழி இருக்கு, தேடுற பெட்டியில இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிச்சு, ஒட்டுனாப்புல முக்காற்புள்ளி வச்சு, 10 போட்டு ஒரு எம் போடணும், நடுவுல இடம் விடக்கூடாது, இப்படி: larger:10M. 10 எம்பிக்கு மேல இருக்கற மெயிலை மட்டும் எடுத்துக் காட்டும். அதுல வேணும்ங்கறதை இறக்கி வச்சுகிட்டு மத்ததை அழிச்சு, அப்புறம் மறக்காம பின்னையும் காலி பண்ணணும்.

அதை விடப் பெரிய ஆளு வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டுல வாட்ஸ்அப் பேக்கப், அதாவது அது கூகுள் அக்கவுண்ட்ல எடுத்து வைக்கிற நகல், முன்னாடி இந்த 15 ஜிபி கணக்குல வராது, 2024ல இருந்து வருது. 2021 ஜூன் 1க்கு அப்புறம் கூகுள் போட்டோஸ்ல ஏத்துன போட்டோவும் வருது. தினம் காலையில வர்ற குட்மார்னிங் வீடியோ, பிள்ளையார் படம், நாட்டு மருந்து வீடியோ இத்தனையும் பேக்கப்ல போய் உக்காந்து, ஆஸ்பத்திரி பில்லை உள்ள விடாம வாசல்ல நின்னு தடுத்திருக்கு. வீடியோவையும் பேக்கப்ல சேக்கறதுக்கு வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல 'இன்க்ளூட் வீடியோஸ்'னு ஒரு பட்டன் இருக்கு, அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஒரு பேக்கப் எடுத்த பிறகுதான் இடம் மளமளன்னு வந்துச்சு. சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன், மூணாவது தடவையா அனுப்புனாங்க, வந்துடுச்சு.

ஒரு எச்சரிக்கையும் போடணும் நீங்க. பின்னைக் காலி பண்ணதுக்கு அப்புறம் நம்மள மாதிரி சாதாரண அக்கவுண்ட்டுக்கு மெயில் திரும்பி வராது. எங்க ஆபீஸ்லயாவது ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீஸ்னு ஒன்னு இருக்கு, ஆள் கிடைக்காத கடுதாசிய அங்க பிரிச்சுப் பாத்து அனுப்புனவங்க விலாசம் இருந்தா திருப்பி அனுப்புவாங்க. இங்க அதெல்லாம் கிடையாது. எதிர் வீட்டு டீச்சரம்மா, அவங்களும் ரிட்டையர் ஆனவங்கதான், போன்லதானே அழிக்கிறோம் கம்ப்யூட்டர்ல இருக்கும்னு நெனச்சு போன வருஷம் மொத்தத்தையும் டெலிட் பண்ணி பின்னையும் காலி பண்ணிட்டாங்க. ரெண்டுலயும் தெரியுறது ஒரே பெட்டிதான். அதுல அவங்க பையன் வெளிநாடு போன புதுசுல எழுதுன மெயில் எல்லாம் இருந்துச்சாம், அழல, ஆனா சொல்லும்போது தொண்டை கட்டிகிச்சு. அதனால காலி பண்றதுக்கு முன்னாடி பின்னுக்குள்ள ஒரு தடவை கீழ வரைக்கும் பாத்துடணும், தப்பி வந்தது இருந்தா அதைத் தொட்டு 'மூவ் டு' போட்டு இன்பாக்ஸுக்கு அனுப்பிடலாம். நான் அப்படிப் பாத்தப்போ என்னோட பென்ஷன் சம்பந்தமான மெயில் ஒன்னு செருப்பு ஆஃபருக்கும் கடன் ஆஃபருக்கும் நடுவுல கெடந்துச்சு.

ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு, அதுலயே வர்ற மெயில் ஆப்புல ட்ராஷுக்குள்ள போய் எடிட்டோ செலக்டோ எது இருக்கோ அதை அமுக்கி 'செலக்ட் ஆல்' குடுத்து டெலிட் போட்டா ஒரே வீச்சுல போகுதுன்னு மாப்பிள்ளை போன்ல பாத்தேன். அதைப் பத்தி அதுக்கு மேல எழுத எனக்குப் பழக்கம் இல்ல.

இன்னொன்னு. இந்த மூணு நாள்ல ஸ்பாம்ல 'உங்க மெயில் பாக்ஸ் ஃபுல் ஆயிடுச்சு, 24 மணி நேரத்துல அக்கவுண்ட் மூடிடுவோம், இங்க அமுக்குங்க'ன்னு ஒரு மெயில் இருந்துச்சு. நெஜமாவே ஃபுல்லா இருந்த நேரம்ங்கறதால நானே அமுக்கப் போயிட்டேன், பேத்திதான் கையத் தட்டிவிட்டுச்சு. இடம் எவ்வளவு இருக்குன்னு ஆப்புக்குள்ள நம்ம படத்தைத் தொட்டாலே தெரியும், மெயில்ல வர்ற லிங்க்கைத் தொடவே வேணாம். அமுக்கி பணம் போயிட்டா உடனே 1930க்கு போன் பண்ணணும், அந்த நம்பரையும் சேத்துப் போடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இதை எல்லாம் கோர்த்து அடுத்த ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தியா போடுறதா இருந்தா, தயவு பண்ணி 'பின்'னுன்னு மட்டும் போடாதீங்க, குப்பைத்தொட்டின்னே போடுங்க. நேத்து பக்கத்து வீட்டம்மாவுக்கு போன்லயே வழி சொல்லலாம்னு "பின்னைத் தொடுங்கம்மா, அதைக் காலி பண்ணணும்"னேன். அந்தம்மா ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் "பின் நம்பரை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லிருக்காங்க சார், அதுவும் காலி பண்ணணும்ங்கறீங்க"ன்னு லைனைக் கட் பண்ணிட்டாங்க. இன்னைக்கு காலையில கோலம் போடும்போது கூட நிமிந்து பாக்கல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ் ஊழியர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.