சிறுபோகக் கூட்டத்துக்கு முன் எங்கள் கமக்கார அமைப்புக்கு

தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் உங்களுக்குத் தெரிந்த பிள்ளைதான், இரண்டாம் வாய்க்கால் வீட்டு மூத்த மகள். இப்போது டென்மார்க்கில் படிக்கிறேன். போன மாதம் கோப்பன்ஹேகனில் உள்ள கிறிஸ்டியானியா என்ற குடியிருப்புக்குப் போனேன். அன்றிலிருந்து நம் குளத்தடிக் கூட்டம்தான் மனதில் நிற்கிறது.

அந்த இடம் முன்பு இராணுவ முகாம். படை விட்டுப்போன கட்டடங்களுக்குள் 1971இல் சனம் வேலியைப் பிரித்துப் போய்க் குடியேறியது. அதைக் கேட்டதும், முகாம் வாசலில் சொந்தக் காணிக்காக வருடக்கணக்கில் குந்தியிருந்த முல்லைத்தீவு கேப்பாப்புலவுச் சனம்தான் என் கண்ணுக்குள் வந்தது. அரசோடு நாற்பது வருடம் இழுபறிப்பட்டு, 2012இல் ஒரு அறக்கட்டளை வழியாகக் காணியில் ஒரு பகுதியை வாங்கினார்கள். இன்று ஏறக்குறைய 900 பேர் இருக்கிறார்கள். வீடு எவருக்கும் சொந்தமில்லை, விற்கவும் முடியாது. ஒரு வீடு வெறுமையானால் அடுத்து யார் வருவது என்று அந்தப் பகுதிச் சனமே கூடிப் பேசி முடிவெடுக்கும். கை உயர்த்தி எண்ணுவதில்லை. எல்லோரும் சரி என்னும்வரை பேசுவார்கள்.

என் வகுப்புத் தோழியின் பெரியம்மா அங்கே இருக்கிறார். அவர் விறகடுப்புக்குப் பக்கத்தில், உள்ளங்கைக்குள் அடங்காத ஒரு கருங்கல். அங்கே வெளிப்படையாகக் கஞ்சா விற்ற தெரு ஒன்று இருந்தது. கும்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன, சூடு விழுந்தது, ஆட்கள் செத்தார்கள். கடைசியில் 2024 ஏப்ரல் 6இல் சனமே இறங்கித் தெருக்கல்லைப் பெயர்த்தது. பெயர்த்த கல்லில் ஒன்றுதான் அது. எல்லோரும் சரி என்னும்வரை காத்திருந்தால் எவ்வளவு இழுபடும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் தங்கள் தெருவைத் தாங்களே கிண்டினார்கள். நம் குளத்துக்கு மேற்பக்கம் இரவில் மணல் ஏற்றும் டிராக்டர்கள் யாருடையவை என்று நம் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் ஒருநாளும் அந்தக் கதை எழுந்ததில்லை.

அப்புறம் அம்மாவின் விஷயம். போன சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு, தண்ணீர் பாயக்கூடிய வயலை மட்டும் பங்கு பிரித்தீர்கள். அப்பாவின் பெயரில் உள்ள காணிப் பெர்மிட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அம்மா எழும்பினார். "காணிக்காரர் வரட்டும்" என்று இருத்திவிட்டீர்கள். அப்பா 2009இல் இல்லாமல் போனவர். அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வவுனியா டவுனில் இருக்கிற, வயலில் கால் வைக்காத ஒருவருக்குப் பங்கு போனது. அந்தப் பங்கில்தான் அம்மா குத்தகைக்கு விதைத்தார். அறுத்த நெல்லில் குத்தகையும் உரக்கடனும் போக, மிஞ்சியது எங்கள் சாப்பாட்டுக்கே காணவில்லை.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இந்த அமைப்பைக் கமம் செய்கிறவர்களுக்காகத்தான் வைத்தது. பெர்மிட்டில் யார் பெயர் இருந்தாலும், சேற்றில் நிற்கிறவருக்குக் கூட்டத்தில் வாய் இருக்க வேண்டும். நம் ஊரில் பெண்கள் தனியாக வயல் பார்க்கிற வீடுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பங்கு பிரிக்கும் முன் அவர்கள் ஒவ்வொருவரும் பேசி முடிக்கட்டும். ஒருநாளில் முடியாவிட்டால் மறுநாளும் கூடுங்கள். விதைப்பு ஒருநாள் பிந்தினால் பயிர் தாங்கும்.

கூட்டத் திகதியை இந்தமுறை அம்மாவுக்கும் நேரத்தோடு அறிவியுங்கள். பெர்மிட் அதே உறையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
இரண்டாம் வாய்க்கால் வீட்டு மூத்த மகள்