வலது கையை ஏந்த வைத்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். நான் விழுந்து வலது முழங்கையில் அடிபட்டதும் கட்டுப் போட்டதும் என் தோசைக்கடை மூடிக் கிடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேற்று காலை பிள்ளையார் கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்தபோது என் வலது உள்ளங்கை மேலே பார்த்து ஏந்தி நின்றது. நாலு மாதமாக இடது கையை நீட்டிக் கூசிப்போனவள் நான். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு மடக்குவதும் நீட்டுவதும் மெதுவாக வந்தன. உள்ளங்கையை மேலே திருப்புவது மட்டும் வரவே இல்லை. தோசையைத் திருப்ப முடியாதவள் தோசைக்கடையை என்ன செய்வது? ஒருநாள் பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த பயிற்சியை அழுதுகொண்டே செய்தேன். தோள்வலிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார்.

"தாயி, நீங்க கையைத் திருப்பலை, தோளைத் திருப்புறீங்க" என்றார். தன் துண்டை மடித்து என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்தார். "இது விழாம திருப்புங்க." திருப்பினேன். கை அசையவே இல்லை. இத்தனை நாளும் முழங்கையை நகர்த்தி, தோளை வைத்துச் சமாளித்திருக்கிறேன்!

அவர் மருத்துவக் கல்லூரி அனாட்டமி (உடற்கூறியல்) ஹாலில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். தன் முழங்கையை மடக்கி, அதன் வெளிப்பக்கக் குழியில் என் விரலை வைக்கச் சொன்னார். அவர் உள்ளங்கையைத் திருப்பத் திருப்ப, தோலுக்கு அடியில் ஒரு குமிழ் உருண்டது. "முன்கையில ரெண்டு எலும்பு. இது அதுல ஒண்ணான ரேடியஸோட தலை. இதைச் சுத்தி வளையல் மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. வளையலோட ரெண்டு முனையும் பக்கத்துல இருக்கிற அல்னா எலும்புல ஒட்டியிருக்கும். அல்னா நிக்கும், ரேடியஸ் சுழலும். உள்ளங்கை மேலே பார்த்தா ரெண்டும் பக்கம் பக்கமா இருக்கும். கவிழ்த்தா ரேடியஸ் அல்னா மேல குறுக்கே வந்துடும்" என்றார். மடக்கும் மூட்டும் திருப்பும் மூட்டும் அங்கே ஒரே உறைக்குள் இருப்பதால்தான் மொத்தமாக இறுகிவிடுகிறதாம். மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் மூட்டும் கூடவே சுழல வேண்டுமாம். இதற்குள் அவர் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அடுத்தவரை அனுப்பச் சொல்லிவிட்டு மறுபடி என் கையைப் பார்த்தார்.

அன்றுவரை வலித்தாலே ஏதோ உடைகிறது என்று பயந்து நிறுத்திவிடுவேன். உள்ளே என்ன சுழல்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. ஒரு சாதாரண கை 80 டிகிரி வரை மேலே திரும்பும், அன்றாட வேலைக்கு 50 இருந்தால் போதும் என்று பிசியோ மேடம் சொன்னார். எனக்கு இப்போது 60.

அந்த மேடத்துக்கும், மாவரைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், தினமும் தலைவாரி விட்ட என் மகளுக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோ தம்பிக்கும், கடை திறக்கும் முன்பே பணம் கொடுத்த வாடிக்கையாளர்களுக்கும் என் நன்றி. எண்ணெய் போட்டு உருவிவிட ஆள் கூட்டி வந்தவர்களின் அன்புக்கும் நன்றி. ஆனால் அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்துவிடக்கூடும் என்று மேடம் எச்சரித்திருந்தார். அதனால்தான் மறுத்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வளையல் ஜவ்வு இன்னும் இறுகியிருக்காது, ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கினால் எலும்பின் தலை நழுவிவிடக்கூடும் என்று. இனி என் கடை வாசலில் யாராவது பிள்ளையை அப்படித் தூக்கினால், கல்லில் தோசை கருகினாலும் சரி, ஓடிவந்து தடுப்பேன்.

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அன்று உங்கள் துண்டும் என்னோடு வந்துவிட்டது. துவைத்து மடித்துக் கடையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மாலை கடை திறக்கிறேன். முதல் தோசை உங்களுக்குத்தான், வாங்க.